நான்காவது மூலை

ரோசெஸ்டர் கோட்டையின் படத்தை எங்காவது பார்க்க நேர்ந்தால், அதன் மூலைகளைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் தென்கிழக்கே, கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையில் இருக்கிறது அந்தக் கோட்டை. மதிலுக்குள்ளே நிற்கும் பெரிய கல்கோபுரம் சதுர வடிவம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 70 அடி. சுவரின் உச்சி 113 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே மூலைக்கு ஒன்றாக நான்கு சிறுகோபுரங்கள் இன்னும் 12 அடி எழும்புகின்றன. அவற்றில் மூன்று, மூலைமட்டம் வைத்துப் பிடித்ததுபோல நேர்க்கோணம். தென்கிழக்கில் உள்ள நான்காவது மட்டும் உருளை. பிரம்மாண்டமான தூண் ஒன்றைக் கொண்டுவந்து சுவரோடு ஒட்டிவிட்டதுபோலத் தெரியும்.

மூன்று மூலையைச் சதுரமாகவும் ஒன்றை வட்டமாகவும் வைத்து எந்தக் கொத்தனாரும் வேலையைத் தொடங்குவதில்லை. இடையில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் அந்தச் சுவர் எப்படி நின்றது என்று தெரிய வேண்டும்.

இத்தகைய கோபுரத்தை ஆங்கிலத்தில் 'கீப்' என்கிறார்கள். இந்தப் பெயரே பிற்காலத்தில் வந்தது. கட்டிய காலத்து ஆட்கள் லத்தீனில் 'துர்ரிஸ்', அதாவது கோபுரம், என்று மட்டுமே எழுதினார்கள். வெளிமதில் விழுந்த பிறகும் உள்ளே வைத்துக் காக்கும் கடைசி அடைக்கலம் என்பதால், தமிழில் இதைத் தாய்க்கோபுரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. டோவர் துறைமுகத்திலிருந்து கான்டர்பரி வழியாக லண்டனுக்குப் போகும் பழைய ரோமானியச் சாலை, மெட்வே ஆற்றை இந்த இடத்தில்தான் கடக்கிறது. பாலத்தைப் பிடித்தவன் சாலையைப் பிடித்தான். 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியமின் ஆட்கள் விரைவிலேயே இங்கே ஒரு கோட்டை போட்டார்கள். அவருக்குப் பின்வந்த மகன் காலத்தில், ரோசெஸ்டரின் ஆயர் குண்டல்ஃப் 60 பவுண்டு செலவில் அதைக் கல்லில் கட்டிக்கொடுத்தார். லண்டனின் வெள்ளைக் கோபுர வேலையை மேற்பார்த்தவரும் இவரே. இன்று நாம் பார்க்கும் தாய்க்கோபுரம் அதற்கும் பிந்தியது. 1127-இல் முதலாம் ஹென்றி மன்னர் இந்தக் கோட்டையைக் கான்டர்பரி பேராயர்களின் பொறுப்பில் விட்டார். அப்போதைய பேராயர் வில்லியம் தெ கார்பெய் எழுப்பியது அது. இங்கிலாந்தில் எஞ்சி நிற்கும் இவ்வகைக் கோபுரங்களில் இதுவே மிக உயரமானது.

அடியில் சுவரின் தடிமன் 12 அடி. ஒரு சின்ன அறையின் அகலம். இவ்வளவு தடிமனையும் செதுக்கிய கல்லால் நிரப்பவில்லை. வெளிப்பக்கம் ஒரு வரிசை ஒழுங்கான கல், உள்பக்கம் ஒரு வரிசை. நடுவில் உடைகல்லையும் சுண்ணாம்புக் காரையையும் கொட்டி நிரப்பினார்கள். தோல் இரண்டும் மெல்லியவை. உள்ளே இருக்கும் பூரணம்தான் பெரும்பங்கு.

சுண்ணாம்பின் வேலை நமக்குப் புதிதல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் கொதித்து நீறிப்போகிறது. அதை மணலோடு குழைத்துச் சுவரில் வைத்தால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. சூளையில் விட்ட மூச்சைச் சுவரில் திரும்ப வாங்கிக்கொள்கிறது எனலாம். ஆனால் 12 அடி தடிமனுக்குள் காற்று எளிதில் புகாது. அதனால் நடுப்பகுதி இறுக மிக நீண்ட காலம் பிடிக்கும். அவசரப்பட்டு ஒரேயடியாக உயர்த்தினால் கீழே உள்ள பச்சைக் காரை பிதுங்கும். சுவரை ஆண்டுக்குக் கொஞ்சமாகவே உயர்த்த வேண்டியிருந்ததற்கு இது ஒரு காரணம். சாரம் கட்டுவதற்காக விட்ட துளைகள் வெளிச்சுவரில் வரிசை வரிசையாக இன்றும் தெரிகின்றன. ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, கொத்தனார்கள் ஒரு மேடையில் நின்று எட்டக்கூடிய உயரம்.

கல்லிலும் இரண்டு வகை. சுவரின் பெரும்பகுதி கென்ட் பகுதியிலேயே கிடைக்கும் 'ராக்ஸ்டோன்' என்ற கரடுமுரடான சுண்ணாம்புக்கல். கடினமானது, ஆனால் உளிக்கு நேராக உடையாது. மூலைக்கும் வாசல் வளைவுக்கும் கூர்மையான விளிம்பு வேண்டுமே. அதற்கென்று பிரான்சின் கான் ஊரிலிருந்து, வெண்ணெய் நிறத்தில் இழைக்க இழைக்க இசையும் கல்லைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். சுவர் உள்ளூர்க் கல், மூலை கடல்கடந்த கல். மூலை என்பது தனிக் கவனம் கோரும் இடம் என்பதைக் கட்டியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஏன் மூலை அவ்வளவு முக்கியம்? கல்லுக்கு ஒரு குணம் உண்டு. தலையில் எவ்வளவு சுமை வைத்தாலும் தாங்கும். பிடித்து இழுத்தால் தாங்காது. மேசைமேல் புத்தகங்களை அடுக்குங்கள். மேலிருந்து அழுத்தினால் அடுக்கு இன்னும் உறுதியாகும். பக்கவாட்டில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். முதலாவதை அமுக்கவிசை என்றும் இரண்டாவதை இழுவிசை என்றும் சொல்கிறோம். கற்சுவர் முழுக்க முழுக்க அமுக்கத்தை நம்பி நிற்கும் பொருள்.

இனி, பழைய சுவர் ஒன்றில் புதிதாக வாசல் திறக்கும் கொத்தனாரைக் கவனித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். நடுச்சுவரில் ஓட்டை போட்டதும் மேலேயுள்ள சுவர் மொத்தமும் கொட்டிவிடுவதில்லை. ஓட்டைக்கு மேல் முக்கோணமாகக் கொஞ்சம் உதிரும். அதோடு நின்றுவிடும். மேலிருந்து வரும் சுமை, ஓட்டையைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் பாதியும் வலப்பக்கம் பாதியுமாக இறங்கிவிடுகிறது. ஓடும் நீர் பாறையைச் சுற்றிப் பிரிந்து போவதுபோல. யாரும் கட்டாத ஒரு வளைவு சுவருக்குள்ளேயே உண்டாகிறது. பொறியாளர்கள் இதை வளைவுச்செயல் என்பார்கள். வளைவுக்கு வேண்டியது இரண்டு கால்கள், இரண்டும் உதைத்து நிற்க இருபுறமும் திடமான சுவர்.

மூலையில் அந்த வசதி இல்லை. மூலைக்கு அடியில் மண்ணை எடுத்துவிட்டால், ஒவ்வொரு சுவரின் பக்கமும் வளைவுக்கு ஒரு கால்தான் கிடைக்கும். மற்றொரு கால் வைக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. அப்போது மூலை விழாமல் இருக்க வேண்டுமானால், இரண்டு சுவர்களும் அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுப்புதான் கல்லுக்கு ஆகாதே. நாற்காலியின் ஒரு காலை மட்டும் எடுத்துவிட்ட கதை. ஒரு சதுரக் கோபுரத்தைச் சாய்க்க நினைப்பவன் சுவரின் நடுவை விட்டுவிட்டு மூலைக்குப் போவான்.

1215-இல் ஜான் மன்னர் அதைத்தான் செய்தார். அந்த ஜூனில் அவர் ரன்னிமீடு புல்வெளியில், பிரபுக்களோடு செய்த ஒப்பந்தமான மாக்னா கார்ட்டாவுக்கு முத்திரை வைத்திருந்தார். சில மாதங்களில் அந்த ஒப்பந்தம் குலைந்து உள்நாட்டுப் போர் மூண்டது. கிளர்ச்சிப் பிரபுக்களின் சார்பில் வில்லியம் தோபினி என்பவர் ரோசெஸ்டருக்குள் புகுந்துகொண்டார். அவரோடு இருந்த மாவீரர்கள் 95 என்கிறது ஒரு பதிவு, 140 என்கிறது இன்னொன்று. ஜான் அக்டோபர் 13 அன்று வந்து சேர்ந்தார். மறுநாளே கான்டர்பரிக்கு உத்தரவு போகிறது: இரவு பகல் பாராமல் எத்தனை குந்தாலிகள் அடிக்க முடியுமோ அத்தனையும் அடித்து அனுப்புங்கள். கல்லெறி பொறிகள் ஐந்து ஓயாமல் வேலை செய்தன. ஆனாலும் தாய்க்கோபுரத்தை அவை ஒன்றும் செய்ய முடியவில்லை. மண்ணுக்கு அடியில் போனவர்களாலேயே காரியம் ஆயிற்று.

சுரங்கம் என்றதும் வெடிமருந்து நினைவுக்கு வரும். அன்றைக்கு இங்கிலாந்தில் வெடிமருந்து கிடையாது. முறை வேறு. அஸ்திவாரத்துக்கு அடியில் மண்ணைக் குடைந்துகொண்டே போவார்கள். குடையக் குடைய மேலேயுள்ள சுவர் தலையில் விழாமலிருக்க மர முட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வருவார்கள். போதுமான அகலம் குடைந்த பிறகு, சுவர் நிற்பது மண்ணின்மேல் அல்ல, மரத்தின்மேல். பிறகு மரத்தை எரித்துவிட்டு வெளியே ஓடிவர வேண்டும்.

சொல்ல எளிது. தோண்டிய சில நாளில் மண்ணின் ஈரம் மரத்தில் ஏறிவிடும். குடைவுக்குள் காற்றோட்டம் குறைவு. பாரம் சுமக்கும் முட்டு விரலளவு சுள்ளி அல்ல, பருத்த கட்டை. அப்படிப்பட்ட மரம் வெளிப்புறம் மட்டும் கருகும், உள்ளே பாரம் தாங்கும் வைரம் அப்படியே இருக்கும். அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிவிடும். தீ பாதியில் அணைந்தால் மொத்த உழைப்பும் வீண். எல்லா முட்டுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒடிய வேண்டும். அதற்கு நீண்ட நேரம் நின்று எரியும் கடும் சூடு தேவை.

நவம்பர் 25 அன்று ஜான் தம்முடைய தலைமை அதிகாரி ஹியூபர்ட் தெ பர்க்குக்கு எழுதிய கட்டளை இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. மிகக் கொழுத்த, அதே நேரம் தின்பதற்கு அவ்வளவாக உதவாத பன்றிகள் நாற்பதை விரைந்து அனுப்பு, கோபுரத்துக்கு அடியில் தீ மூட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு கிலோ காய்ந்த விறகைவிட ஒரு கிலோ கொழுப்பு இரண்டு மடங்குக்கும் அதிகமான வெப்பம் தரும். உருகிய கொழுப்பு விறகில் ஊறிக்கொண்டால், ஒவ்வொரு கட்டையும் எண்ணெய் குடித்த திரியாகிவிடும். திரி கருகாமல் எண்ணெய் எரிவதுபோல, கொழுப்பு தீரும்வரை தீ நிற்கும். உயிருள்ள பன்றிகளின்மேல் தீ வைத்துச் சுரங்கத்துக்குள் விரட்டினார்கள் என்று ஒரு கதை சுற்றுப்பயணிகளிடையே உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. கட்டளையில் உள்ள லத்தீன் சொல் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சியையும் குறிக்கும். தேவை கொழுப்பு மட்டுமே.

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்? மூன்று சாட்சிகள். முதலாவது, அக்கால மடத்துத் துறவிகள் எழுதிய ஆண்டுக்குறிப்புகள். பார்ன்வெல் மடத்தின் பெயரால் வழங்கும் குறிப்பை எழுதியவர், இத்தனை கடுமையாக நடந்த முற்றுகையும் இத்தனை வீரமாக நின்ற எதிர்ப்பும் தம் காலத்தவர் நினைவில் இல்லை என்கிறார். ஆனால் இவர்கள் படிப்பவரை மனத்தில் வைத்து எழுதியவர்கள், கொஞ்சம் கூடக்குறையச் சொல்லக்கூடும். இரண்டாவது சாட்சி அரசரின் கடிதப் பிரதிகள். வெளியே போகும் ஒவ்வொரு கட்டளையையும் தோல்சுருளில் படியெடுத்து வைக்கும் பழக்கம் ஜானின் அலுவலகத்தில் இருந்தது. நான் அதிகம் நம்புவது இதைத்தான். பன்றி கேட்டு எழுதிய கடிதத்தை எழுதியவருக்கு வரலாற்றில் இடம் பிடிக்கும் எண்ணம் இருந்திருக்க முடியாது. அவருக்கு வேண்டியது பன்றி. மூன்றாவது சாட்சி கோபுரமே. மூன்று மூலைகள் 12-ஆம் நூற்றாண்டின் வேலை, நான்காவது 13-ஆம் நூற்றாண்டின் வேலை. மூன்று சாட்சிகளும் ஒரே நிகழ்ச்சியைச் சுட்டுகின்றன.

மூலை விழுந்தது. ஆனால் கோட்டை அன்றே விழவில்லை. கோபுரத்தை அடியிலிருந்து முடிவரை இரண்டாகப் பிரிக்கும் தடித்த நடுச்சுவர் ஒன்று உண்டு. உள்ளே இருந்தவர்கள் அதற்கு அப்பால் ஒதுங்கி, மீதிப் பாதியிலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். உணவு தீர்ந்து குதிரைகளைத் தின்ற பிறகு, நவம்பர் 30 அன்று சரணடைந்தார்கள். எல்லோரையும் தூக்கிலிட நினைத்த ஜானை, பதிலுக்கு நம் ஆட்களையும் அவர்கள் தூக்கிலிடுவார்கள் என்று சொல்லி அவருடைய தளபதி ஒருவரே தடுத்தார்.

நடுச்சுவரைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். அது போருக்காக மட்டும் எழுந்ததல்ல. 70 அடிக் கோபுரத்தில் சுவர்களைக் கழித்தால் உள்ளே ஏறத்தாழ 46 அடி மிஞ்சும். அவ்வளவு நீளத்துக்கு ஒரே மரத்தில் உத்தரம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நடுவில் தொய்யும். வாய்க்கால்மேல் போட்ட பலகை நீளம் கூடக்கூட எப்படி வளைகிறதோ அப்படி. நடுவில் ஒரு சுவர் எழுப்பினால் தாவவேண்டிய தூரம் பாதியாகிறது, தொய்வோ பாதிக்கும் மிகமிகக் குறைவாகிறது. கிணற்றின் குழாயையும் அந்தச் சுவருக்குள்ளேயே மேல்வரை கொண்டுபோயிருக்கிறார்கள். எந்த மாடியிலிருந்தும் வாளியை இறக்கி நீர் மொள்ளலாம். பிரதான மாடியில் மட்டும் சுவரைத் தூண்களும் வளைவுகளுமாகத் திறந்துவிட்டு, இரண்டு பாதிகளையும் ஒரே பெரிய கூடமாக்கிவிட்டார்கள். உத்தரம் தாங்கி, கிணறு சுமந்து, கடைசியில் அரணாகவும் நின்ற ஒரே சுவர். அந்தக் கட்டடத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

புதிய மூலையை ஏன் வட்டமாகக் கட்டினார்கள்? 1216-இல் ஜான் இறந்து, ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றி அரியணை ஏறினார். பழுதுபார்ப்புக்கான செலவுகள் அவர் காலத்து அரசுக் கணக்குகளில் வருகின்றன. அதற்குள் கோட்டைக் கட்டுமானத்தின் போக்கே மாறியிருந்தது. வேல்ஸின் பெம்புரோக் கோட்டையில் 1200-ஐ ஒட்டி எழுந்த பெருங்கோபுரம் முழு உருளை. உருளைக்கு நான்கு அனுகூலங்கள் சொல்வார்கள். துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பு இல்லாததால் குந்தாலிக்குப் பிடி கிடைக்காது. வட்டத்தில் ஒவ்வொரு கல்லும் ஆப்புபோல இரண்டு பக்கத்துக் கற்களுக்கிடையே இறுகியிருக்கும், ஒன்றை மட்டும் உருவ முடியாது. எறிகல் நேராக மோதாமல் வழுக்கிச் செல்லும். மேலே நிற்கும் வில்லாளியின் பார்வைக்குத் தப்பி எதிரி ஒளிய மூலைக்கு நேர் எதிரே கிடைக்கும் இடமும் குறையும்.

இருந்தாலும் வட்டமென்றால் வெல்ல முடியாதது என்று நினைத்துவிடக் கூடாது. அடிமண் முழுவதையும் எடுத்துவிட்டால் வட்டமும் விழும். அதற்குப் பிறகும் நூற்றாண்டுகளுக்குச் சதுரக் கோபுரங்களைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அறைகளைச் சதுரத்தில் அமைப்பது எளிது. உருளையில் கட்டில்கூடச் சுவரோடு ஒட்டாது. பாதுகாப்பு, வசதி, செலவு, காலத்தின் மோகம் எல்லாம் கலந்துதான் ஒரு கட்டடம் உருவாகிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய எண்ணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். நெடுங்காலம் ஆய்வாளர்கள் கோட்டையைப் போர்க்கருவியாக மட்டுமே படித்தார்கள். இன்று பலரும் அதை முதலில் ஒரு பெரிய மனிதரின் வீடாகப் படிக்கிறார்கள். ரோசெஸ்டர் அதற்கு நல்ல சான்று. கீழ்மாடிச் சன்னல்கள் வெறும் கீற்றுகள், மேலே போகப்போக அவை அகன்று வெளிச்சத்தை அள்ளுகின்றன. பெருங்கூடம் இரண்டு மாடி உயரம். வளைவுகளில் ரம்பப்பல் போன்ற கோல நெளிவுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். சுவருக்குள் கழிப்பறைகளும் தனித் தொழுகையிடமும் உண்டு. கணப்பின் புகை உச்சிவரை ஏறாமல் வெளிச்சுவரிலுள்ள துளை வழியாகவே வெளியேறுகிறது. புகைபோக்கிக் கலை இன்னும் தொடக்க நிலையில் இருந்ததன் அடையாளம். ஒரு பேராயர் விருந்தாளிகளை அமரவைத்துத் தம் செல்வாக்கைக் காட்டிய இடம் இது. முற்றுகை நாள்களைக் கூட்டினால் அதன் வாழ்நாளில் சில மாதங்கள்தான் தேறும்.

மீதிக் காலத்தில் அது பலவாக இருந்தது. ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் தெ புரூஸின் மனைவி எலிசபெத்தை 1314-இல் இங்கே காவலில் வைத்தார்கள். 1381 உழவர் கிளர்ச்சியில் மக்கள் உள்ளே புகுந்து கைதி ஒருவரை விடுவித்தார்கள். பீரங்கி வந்த பிறகு உயர்ந்த கோபுரத்துக்கு மதிப்புப் போயிற்று. ஆற்றோட்டத்தின் கீழ்ப்பக்கம், கப்பற்படைத் துறையைக் காக்க 1559-இல் தொடங்கிய அப்னோர் பீரங்கிக் கோட்டைக்கு, ரோசெஸ்டரின் கற்களையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். 1610-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் கோட்டையைச் சர் ஆன்டனி வெல்டனுக்குக் கொடுத்துவிட்டார். 1665-இல் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் ஏறிப் பார்த்துவிட்டு உயரத்தைக் கண்டு அஞ்சினார். அப்போதே அது இடிபாடுதான். பக்கத்து ஊரில் வாழ்ந்த சார்லஸ் டிக்கன்ஸ் இந்தக் கோட்டைச் சுவரோரம் அடக்கமாக விரும்பியவர், அடக்கமானதோ வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில். அவர் மறைந்த 1870-இல் நகராட்சி கோட்டை வளாகத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பூங்காவாக்கியது, 1884-இல் விலைக்கே வாங்கிவிட்டது.

லண்டனிலிருந்து ரயிலில் ரோசெஸ்டர் ஒரு மணி நேரத்துக்குள்தான். போக வாய்த்தால், முதலில் உள்ளே போய் நடுச்சுவரைப் பார்த்து நில்லுங்கள். கூரையும் இல்லை, மாடித் தளங்களும் இல்லை. உத்தரம் செருகிய துளைகள் வரிசையாக, ஒவ்வொரு வரிசையும் மறைந்துபோன ஒரு தளமாகத் தெரியும். கணப்புகள் அந்தரத்தில் தொங்கும். பிறகு வெளியே வந்து தென்கிழக்கு மூலைக்கு அடியில் போய் நில்லுங்கள். 1264-இல் கிளர்ச்சிப் பிரபுக்களின் தலைவர் சைமன் தெ மான்ட்ஃபோர்ட் இதே கோபுரத்தை முற்றுகையிட்டுச் சுரங்கம் தோண்டத் தொடங்கினார். அரசரின் படை நெருங்குகிறது என்று அறிந்ததும் வேலையைப் பாதியில் விட்டுப் போய்விட்டார். வட்டமாகக் கட்டிய அந்த மூலைக்கு அடியில் அதன் பிறகு யாரும் தீ மூட்டவில்லை.